செட்ரிக் மோரிஸின் ‘ஐரிஸ் சீட்லிங்ஸ்’: பேக்கப்பாக ஓர் ஓவியம் உதவுமா?

லண்டன் டேட் சேகரிப்பில் ‘ஐரிஸ் சீட்லிங்ஸ்’ என்று ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் இருக்கிறது. 1943ல் செட்ரிக் மோரிஸ் வரைந்தது. ஒரு பாத்திரத்தில் செருகி வைத்த ஐரிஸ் பூக்கள், அவ்வளவுதான். இணையத்தில் கிடைக்கும், ஒருதடவை பார்த்துட்டு வாங்க.

நல்ல பூ ஓவியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் தலைப்பு விடமாட்டேன் என்கிறது. ‘சீட்லிங்’ என்றால் விதையிலிருந்து முளைத்த கன்று. பூ ஓவியத்துக்கு ஏன் இப்படியொரு பெயர்?

இந்த வகைக்குத் தாடி ஐரிஸ் என்று பெயர். மூன்று இதழ் மேலே நிமிர்ந்து நிற்கும், மூன்று கீழே தொங்கும். தொங்குகிற இதழின் நடுவில் பிரஷ் மாதிரி ஒரு மயிர்க்கற்றை, அதுதான் தாடி. இதைப் பெருக்க இரண்டு வழி. விதை போட்டால், மாங்கொட்டை கதைதான்: தாயைப் போலப் பிள்ளை வராது, ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அப்படியே அதே பூ வேண்டுமென்றால் இஞ்சி மாதிரி இருக்கும் கிழங்கை உடைத்து நடணும். வாழையடி வாழை. ஆக, பெயர் வைத்த ஒரு பழைய ஐரிஸ் ரகம் என்பது எத்தனை தோட்டத்தில் இருந்தாலும் ஒரே செடியின் துண்டுகள்தான்.

மோரிஸ் வெறும் ஓவியர் இல்லை. 1940ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாட்லி என்ற ஊரில் பென்டன் எண்ட் என்ற வீட்டுக்கு வந்தார். அங்கே ஓவியப் பள்ளியும் நடந்தது (லூசியன் ஃப்ராய்ட் இவரிடம் படித்தவர்), ஐரிஸ் ஒட்டுச்சேர்க்கையும் நடந்தது. வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் கன்று வளர்த்தார். மொத்தத்தில் அவர் பெயர் வைத்தது தொண்ணூறு சொச்சம்தான். மிச்சமெல்லாம் குப்பைமேட்டுக்கு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஓவியத்தைத் திரும்பப் பாருங்க. பாத்திரத்தில் இருப்பவை அலங்காரப் பூக்கள் இல்லை, இன்டர்வியூவுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள்.

வான் கோ 1889ல் சான் ரெமி மனநல விடுதித் தோட்டத்தில் வரைந்த ஐரிஸ் ஓவியத்தைப் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே ஒரே மாதிரி நீலப் பூக்களின் கூட்டம், நடுவில் தனியாக ஒரு வெள்ளை. அந்தத் தனிமைதான் அந்தப் படத்தின் நாடகம். மோரிஸ் படத்தில் நாடகமே கிடையாது, எல்லாமே தனிதான். ஒவ்வொரு பூவுக்கும் ஒரே அளவு கவனம் கொடுத்திருக்கிறார். ஓவியமாக அது சற்று நெரிசல், ஒத்துக்கிறேன். பெயின்ட்டைத் தடிமனாக அப்புகிற ஆள் என்பதால், வெளிச்சம் ஊடுருவும் மேல் இதழ்களின் மென்மையும் பிடிபடவில்லை. ஆனால் சாம்பல் பூத்த ஊதா, மங்கிய மஞ்சள் போன்ற இடைப்பட்ட நிறங்களை இவ்வளவு நிதானமாக ஒரு தோட்டக்காரன்தான் பார்ப்பான்.

‘ஓவியத்திலாவது அந்தப் பூக்கள் பிழைத்துவிட்டன’ என்று ஆறுதல் சொல்வது எளிது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வான் கோவின் நீல ஐரிஸ் முதலில் இவ்வளவு நீலமாகவே இல்லை. ஊதாவாக இருந்தது, அதிலிருந்த சிவப்புச் சாயம் வெளுத்துப்போனதால் நீலமானது என்று கெட்டி அருங்காட்சியக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கேன்வாஸே நிறம் மாறுகிறது. எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு: ரீஸ்டோர் பண்ண முடியாத பேக்கப், பேக்கப்பே இல்ல.

கிழங்கு ரீஸ்டோர் ஆகும், ஆனால் சும்மா ஆகாது. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, பூத்து முடிந்த கோடையில் புதரைத் தோண்டி, நடுவில் இருக்கும் கிழட்டுக் கிழங்கை எறிந்துவிட்டு, ஓரத்து இளங்கிழங்குகளை இலை நறுக்கி நடணும். கிழங்கின் முதுகில் வெயில் படணும். மண்ணுக்குள் ஆழமாகப் புதைத்தாலோ, தண்ணீர் தேங்கினாலோ, தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டாலோ அழுகல் வந்துவிடும். கவனிக்காமல் விட்டால் புதர் நெருக்கியடித்துப் பூக்காமல் போகும். பூக்காத செடிக்கு என்ன பெயர் என்று யாருக்கும் நினைவிருக்காது.

1982ல் மோரிஸ் இறந்தார். 1955ல் டைக்ஸ் பதக்கம் வாங்கிய ‘பென்டன் கார்டிலியா’, தன் பூனையின் பெயரை வைத்த ‘பென்டன் மெனஸ்’ என்று பெயர்ப் பட்டியல் இருந்தது, செடிகள் சிதறிப் போயிருந்தன. சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் தோட்டத்தின் முன்னாள் தலைமைத் தோட்டக்காரர் சாரா குக் அவற்றைத் தேடிச் சேர்த்தார். 2015 செல்சி கண்காட்சியில் அவற்றைப் பார்த்தவர்கள் வியந்தது, இன்றைய ஐரிஸ்களின் சுருக்குச் சுருக்கான பாவாடை விளிம்பு இவற்றில் இல்லாததை. இருந்தும் தொண்ணூறில் பாதிகூட இன்னும் தேறவில்லை.

கிடைத்த செடி இன்ன ரகம்தான் என்று எப்படி உறுதி செய்வது? பழைய கேட்டலாக் விவரிப்பு, உயரம், பூக்கும் காலம், தாடி நுனியின் நிறம். அப்புறம் ரொம்ப உதவுகிற ஓர் அடையாளம் உண்டு: இலை கிழங்கிலிருந்து கிளம்பும் இடத்தில் ஊதாக் கறை இருக்கிறதா இல்லையா என்பது. ஓவியத்தில் எந்தப் பூவுக்கும் அந்த இடம் இல்லை. தண்டை வெட்டித்தானே பாத்திரத்தில் செருகியிருக்கிறார்.