பிறப்பின் செய்தியும் மனிதரின் மறுமொழியும்

கிறிஸ்து பிறந்தார் என்னும் செய்திக்கு மனிதர் அளிக்கும் மறுமொழி ஒரே வகையானதன்று. ஆயினும் நமது கிறிஸ்மஸ் பிரசங்கங்கள் பெரும்பாலும் ஒன்றையே நாடுகின்றன: கேட்டவர் உடனே வாயினால் அறிக்கையிட வேண்டும். இவ்வளவுகோல் திருமறைக்கு ஏற்றதா என்பதே ஈண்டு எழும் வினா.

லூக்கா 2:18-20 மூன்று மறுமொழிகளை வரிசைப்படுத்துகிறது. மேய்ப்பர் சொல்லக் கேட்டோர் வியந்தனர். மரியாள் மனத்தில் வைத்துச் சிந்தித்தாள். மேய்ப்பரோ தேவனைத் துதித்துக்கொண்டு திரும்பினர். வியப்பு விசுவாசமாகிவிடாது. நாசரேத்தார் வியந்ததைக் கூறவும் லூக்கா இதே வினைச்சொல்லைக் கையாளுகிறார் (4:22). அவர்களே சற்று நேரத்தில் இயேசுவை மலைவிளிம்பிலிருந்து தள்ள முயன்றனர் (4:29). மரியாளின் சிந்தனையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோ, பலவற்றை ஒன்றுசேர்த்து ஒப்புநோக்குதலைக் காட்டும். அதற்குக் காலம் வேண்டும்.

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, நம் நாட்டு அருட்பணி வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை நோக்குவோம். 1913இல் மணம் புரிந்த ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் கொல்லிமலையில் குடியேறி, பிரசங்கித்தும் மருந்து கொடுத்தும் உழைத்தனர். ஆண்டுகள் கடந்தும் அறுவடை காணவில்லை. 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் மலையிலும் பரவியபோது, அதுவரை அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் நோயுற்றார். தம்மவர் விலகிநிற்க, மரணப்படுக்கையில் தம் பிள்ளைகளைப் பிராண்டு தம்பதியரிடம் ஒப்புவித்தார். டாரதி கிளார்க் வில்சன் 1976இல் வெளியிட்ட ஈவ்லினின் வாழ்க்கை வரலாற்றில் இது இடம்பெறுகிறது. மலையில் சபை தோன்றுதற்கு இதுவே வாயில் என்பது மரபு.

இதனை நாம் ‘மனமாற்றக் கதை’ என்று எடுத்தாளுவது பொருந்துமா? பூசாரியின் சொற்கள் மிஷனெரிமாரின் நினைவின் வழியாகவே நம்மை எட்டுகின்றன. கைவிடப்பட்டு இறந்துகொண்டிருந்த தந்தைக்கு வேறு வழி இருந்ததா என்பதையும் நேர்மையான வாசகர் கேட்டாக வேண்டும். ஆகவே அவரை நமது வெற்றிப் பட்டியலில் சேர்ப்பது தகாது. அதற்காக, அவர் செய்ததை வெறும் இக்கட்டின் விளைவென்று ஒதுக்குவதும் தவறு. ஆண்டுகளாகச் செவியில் விழுந்த போதனையையும், நோயாளியின் வாசல்படியை மிதித்த கால்களையும் அவர் ஒப்புநோக்கினார் என்று கொள்ள இடமுண்டு. இக்கைகளில் என் குழந்தை பிழைக்கும் என்பதே அவர் கண்ட முடிவு.

மேய்ப்பருக்கு அளிக்கப்பட்ட அடையாளமும் ஒரு குழந்தையே. மனிதக் கைகளில் ஒப்புவிக்கப்பட்ட பாலகன். கொல்லிமலையிலோ, செய்தியைக் கொண்டுவந்தவர்கள் கைகளில் அம்மலையின் குழந்தை ஒப்புவிக்கப்பட்டது. அறிவித்தவர்களே ஏற்றுக்கொள்ள அழைக்கப்பட்டார்கள். மறுமொழி அளிக்கும் கடமை அவர்கள்மேலும் விழுந்தது. ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலால் மாண்டார். ஈவ்லின் ஓய்வுபெற்ற பின்னரும் மலைகளுக்கே திரும்பி, 1974இல் மரித்து, கணவரின் அருகே அடக்கம்பண்ணப்பட்டார்.

எனவே, கிறிஸ்மஸ் பிரசங்கத்தை ஆயத்தம்பண்ணும் போதகர், எத்தனைபேர் கையுயர்த்துவர் என்று எண்ணுவதற்குமுன் மற்றொன்றைக் கேட்டுக்கொள்ளட்டும்: நம் விசுவாச அறிக்கையை ஏற்காத அயலான், தன் இக்கட்டு நாளில் தன் பிள்ளையை நம் சபையின் கையில் நம்பி விடுவானா?