குட்டி முதலாளி யார்?

சிங்கப்பூருக்கு வரும்போதெல்லாம் டோபி காட்டில் இறங்கிச் சற்று நின்றுவிட்டுப் போவது நமது வழக்கம். இன்று மூன்று ரயில் பாதைகள் நிலத்தடியில் கூடும் அவ்விடத்தில், 19ஆம் நூற்றாண்டில் இந்தியச் சலவைத் தொழிலாளர் ஓடை நீரில் துணி துவைத்து வந்தனர். ஓடை கால்வாயாகிவிட்டது, பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. அங்கு வெளுத்த துணிகளில் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களின் வெள்ளைச் சட்டைகளும் இருந்திருக்கும். சட்டையை வெளுத்தவர், அதை அணிந்தவர் ஆகிய இவ்விருவருள் பாட்டாளி எவர், மத்திய வகுப்பார் எவர் என்று கேட்டால், தமிழில் மார்க்சியம் எழுதும் தோழர்கள் பலர் தடுமாறுகிறார்கள். அத்தடுமாற்றத்தை ஆராய்வதே நமது நோக்கம்.

மார்க்சும் ஏங்கெல்சும் 1848இல் வெளியிட்ட அறிக்கையைத் தமிழர் பலருக்கு முதன்முதல் அறிமுகப்படுத்தியது 1931ஆம் ஆண்டின் "குடி அரசு". சிறு கடைக்காரரும் கைத்தொழிலாளரும் பெருமுதலோடு போட்டியிட மாட்டாமல் நாளடைவில் பாட்டாளி வகுப்பில் வந்து விழுவர் என்பது அவ்வறிக்கையின் துணிபு. உடைமை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் என்ன ஆகிறது? துவைகல்லும் வெள்ளாவிப் பானையும் இஸ்திரிப் பெட்டியும் சொந்தமாக வைத்துத் தொழில் செய்த சலவைத் தொழிலாளி குட்டி முதலாளி ஆகிறார்! பேனாவும் மேசையும்கூடக் கம்பெனியுடையவையாக இருக்க, மாதக் கூலிக்கு உழைக்கும் குமாஸ்தா பாட்டாளி ஆகிறார்! ஏட்டளவில் இது பிழையன்று. ஆயினும், எந்தக் குமாஸ்தா அந்தக் "குட்டி முதலாளி"யைத் தம் திண்ணையில் சமமாக உட்கார வைத்தார்? சாதித் திமிர் பாதி, சட்டையின் வெண்மை பாதி. இவ்விரண்டும் உடைமைக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டன.

இதற்காக மார்க்சைக் குறை கூறுவது நியாயமாகாது. "மூலதனம்" மூன்றாம் பாகத்தில் வணிகக் குமாஸ்தாவைப் பற்றி அவர் எழுதியதை ஆங்கிலத்தில் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது. குமாஸ்தா நல்ல சம்பளம் பெறும் கூலியாளே. ஆனால் பொதுக் கல்வி பரவப் பரவ, எழுத்தும் மொழியறிவும் மலிந்து அவன் கூலி இறங்கும் என்கிறார். பள்ளிச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் நமக்கு வேறென்ன செய்தி வேண்டும்? பிறிதோரிடத்தில், தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே நிற்போர் தொகை பெருகி வருவதை ரிக்கார்டோ மறந்தார் என்று அவரே இடித்துரைக்கிறார். எனவே மத்திய வகுப்பு மறைந்தே போகும் என்று மட்டும் மார்க்ஸ் சொன்னதாக மேடைகளில் முழங்குவோர், அவரைப் பாதிதான் படித்தவர்கள். மீதிப் பாதியை அவர் எழுதி முடிக்கவில்லை. அவர் 1883இல் மறைந்தபின் ஏங்கெல்ஸ் 1894இல் பதிப்பித்த அந்த மூன்றாம் பாகம், வகுப்பு என்பது யாது என்ற கேள்வியை எழுப்பிச் சில வரிகளிலேயே அறுந்து நிற்கிறது.

நிற்க. நகரத்தை விட்டு நமது தோட்டப்புறத்துக்கு வருவோம். 1941இல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு வேறொன்றையும் கேட்டனர். துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்றனர். துரை சரி, கிராணி என்ன முதலாளியா? ஒரு ரப்பர் மரமேனும் அவனுக்குச் சொந்தமா? இல்லை. எனினும் தொழிலாளி கண்ணுக்கு அவன் துரையின் நிழல். அதே போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனும் எழுதுகோல் பிடித்தவரே. "தமிழ் நேசன்" பத்திரிகையில் பணியாற்றியவர். சர்க்கார் அவரைக் கைது செய்து நாடு கடத்திற்று. ஆக, ஒரே வகுப்பின் ஒரு கை சைக்கிளைத் தடுத்தது. மற்றொரு கை கோரிக்கையை எழுதிற்று. இதைக் "குட்டி முதலாளிகளின் ஊசலாட்டம்" என்று சொல்லித் தள்ளிவிடுவது சோம்பேறித்தனமான விமர்சனம்.

1970களில் எரிக் ஓலின் ரைட் என்ற அமெரிக்க அறிஞர் கூறிய விளக்கமே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. உடைமையில் தொழிலாளியாகவும் அதிகாரத்தில் முதலாளியின் கையாளாகவும் ஒருவனே இருக்கக்கூடும். அவன் நிற்குமிடமே முரண்பட்ட இடம் என்றார் அவர். பெரட்டுக் களத்தில் விடியற்காலையில் பேர் எழுதிப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாமதமாக ஓடிவந்த ஒரு தாய்க்கு நாம் அரைநாள் மட்டும் போட்டதுண்டு. அந்த அரைநாட் கூலி நமது பைக்கு வரவில்லை. அதைக் குறைத்த பேனா நமது கையில் இருந்தது.

குமாஸ்தாவுக்குத் தமிழில் "குட்டி முதலாளி" என்று பெயர் வைத்ததே பெருங்குழப்பத்துக்கு வழி செய்தது என்பது நமது அபிப்பிராயம். அச்சொல்லைக் கேட்ட கிராணி, "நமக்கேது முதல்?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறான். அவனிடம் கேட்க வேண்டியது முதலைப் பற்றியன்று, பேனாவைப் பற்றி. ஒரே தோட்டத்தில், ஒரே கம்பெனிக்கு உழைத்தும், தொழிலாளருக்கு 1954இல் அமைந்த தேசியச் சங்கம் ஒன்று, அலுவலருக்கு வேறு சங்கம் ஒன்று. இரண்டு சங்கத்தின் சந்தாவையும் சம்பளத்தில் பிடித்து, ஒரே ஏட்டில் வெவ்வேறு பத்திகளில் மாதந்தோறும் நாமே எழுதி வருகிறோம்.