தோற்பாவைக்கூத்தில் வீடு: பாட்டும் உரையும்

மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் இராமகாதை ஓவியமாகத் தீட்டப்பெற்றுள்ளது. தயரதனின் வேள்வியில் தொடங்கும் அவ்வரிசை, இராமன் அயோத்திக்கு மீள்வதோடு நிறைவுறுகிறது. ஏறத்தாழ 1555இல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரள வர்மனுக்கு அளித்த மாளிகை அது. 1663இல் டச்சுக்காரர் அதனைப் புதுக்கியமையால் டச்சு அரண்மனை என்னும் பெயரும் பெற்றது. கட்டியவர் ஒருவர், பெயர் தந்தவர் மற்றொருவர், குடியிருந்தவர் வேறொருவர். அதன் நடுமுற்றத்தில் கோயில் கொண்டுள்ள பழயன்னூர்ப் பகவதியும் பிறப்பால் இவ்வூரினள் அல்லள். கொச்சி அரச குடும்பத்தின் காவல் தெய்வமாகிய அவளுடைய மூலத்தலம், பாரதப்புழைக்குத் தெற்கே, இன்றைய திருச்சூர் மாவட்டத்தின் வடபகுதியில் உள்ளது.

முற்றத்தில் பகவதி, மாடியில் இராமகாதை. இவ்விரண்டையும் ஒரே கட்டடத்தில் காண்பவர்க்குக் கேரளத் தோற்பாவைக்கூத்து நினைவுக்கு வருதல் இயல்பு. பகவதி கேட்க இராமகாதையைப் பாடும் கலை அது. பாரதப்புழையை ஒட்டிய பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் வழங்குவது. தாருகனோடு பொருதுகொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காணும் வாய்ப்பை இழந்த பத்திரகாளிக்கு அதனை நிகழ்த்திக் காட்டுவதாகவே அக்கூத்தின் தோற்றக் கதை கூறுகிறது. அண்மைக் காலமாக இக்கூத்து தன் கோயில் வெளியை விட்டுக் கலைவிழா மேடைகளுக்கும் சுற்றுலா அரங்குகளுக்கும் வந்துவிட்டது. கொச்சி போன்ற பல்லினத் துறைமுக நகர்களில், வீடு, ஊர், புலம்பெயர்வு ஆகியவற்றைப் பாவைகளின் வழியே பேசலாம் என்னும் எண்ணமும் கலைஞரிடையே வேரூன்றி வருகிறது. வரவேற்கத்தக்க எண்ணமே. ஆயின் அதற்குத் தோற்பாவைக்கூத்தின் எப்பகுதி பயன்படும் என்னும் வினாவிற்கு இதுவரை தரப்பெறும் விடை பிழையானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கூத்தின் அமைப்பைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். கோயிலை நோக்கி நிலையாகக் கட்டப்பெற்ற நீண்ட மேடை கூத்துமாடம் எனப்படும். அதன் முகப்பில் திரைச்சீலை. உள்ளே, தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து ஏற்றிய 21 விளக்குகள். மான்தோலில் செதுக்கிய பாவைகளின் நிழல் திரையில் விழும். கோயில் விளக்கிலிருந்து கொணரும் சுடரே மாடத்திலும் ஏற்றப்பெறும். ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என இரவுகளின் எண்ணிக்கை கோயிலுக்குக் கோயில் வேறுபடும். பாடப்பெறுவது கம்பனின் தமிழ். கூத்தர் புலவர் என்றே அழைக்கப்பெறுவர். பாடலும் உரையும் சேர்ந்த அவர்தம் மரபுத் தொகுப்பு ஆடல்பற்று எனப்படும். கம்பனின் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் ஒரு பகுதியே இதில் இடம்பெறுகிறது. சில பாடல்கள் திரிந்தும் உள்ளன. கம்பனல்லாதார் பாடல்களும் கலந்துள்ளன. ஒவ்வொரு பாடலையும் தொடர்ந்து உரை நிகழும். உரையின் அடித்தளம் தமிழே எனினும் அதில் மலையாளச் சொற்களும் வினைமுடிபுகளும் வடசொற்றொடர்களும் தாராளமாகப் பயிலும்.

இம்மொழியைத் தமிழர் கேட்கின் சிதைந்த தமிழ் என்பர். மலையாளிகள் கேட்கின் விளங்காத தமிழ் என்பர். இரண்டும் பொருந்தாக் கூற்றுகள். பாட்டு ஒருபடியாகவும் உரை மற்றொருபடியாகவும் அமைவது கலப்பின் விளைவன்று, தொழிற்பிரிவின் விளைவு. பாட்டு தான் வந்த இடத்தைச் சொல்லும். உரை தான் நிற்கும் இடத்தைச் சொல்லும். பாட்டு மாறக்கூடாது என்னும் நியதி ஏற்கப்பெற்றமையாலேயே உரைக்கு அத்துணை உரிமை கிட்டிற்று. உரையில் இலக்கண விசாரமும் வரும், மருத்துவமும் வரும், ஊர்க் கதையும் வரும், நகைச்சுவைக்கும் குறைவில்லை. ஒரு பாடலுக்கு அரைமணி நேரம் உரை நீளுதலும் உண்டு. பாவை திரையில் அசைவற்று நிற்கும், புலவர் பேசிக்கொண்டிருப்பார். காட்சிக்கலையாக மட்டும் இதனை அணுகுபவர் சலிப்படைதலில் வியப்பில்லை.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட ஆய்வுநூல், பார்வையாளர் இன்மையையே இக்கூத்தின் மையமாகக் கொண்டது. விடியும் வரை நிகழும் கூத்தின் முன் பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை. ஆகவே கூத்தர் தமக்குள்ளேயே உரையாடுகின்றனர். அவ்வுரையாடலில் கம்பனின் பக்தி நோக்கு வினவப்படுகிறது என்பது அவர் முடிபுகளுள் முதன்மையானது. களப்பணியின் ஆழத்தால் அந்நூல் இத்துறையில் இன்றும் விஞ்சப்படாதது. எனினும் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். ஒருவர் வினவ மற்றவர் விடையிறுத்துப் பொருள் விரிப்பது, கேட்போர் இன்மையால் மாடத்துள் தோன்றிய வழக்காக மட்டும் இருத்தல் இயலாது. தமிழ் உரைமரபே வினாவிடையால் வளர்ந்தது. தடை எழுப்பி விடை கூறும் அம்முறை, பாடம் சொல்லும் திண்ணையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கே வந்து, பாவைகளின் வாயில் குடியேறிற்று எனக் கொள்வதே பொருத்தமாகும். குடிபெயர்ந்தோர் எடுத்துவந்தது கம்பனை மட்டுமன்று. கம்பனைப் படிக்கும் முறையையும் ஆகும். முறை எடுத்துவரப்பெற்றமையால்தான் நூல் பிழைத்தது.

இனி, கூத்து எங்குத் தொடங்குகிறது என்பதைக் கருதுவோம். பாலகாண்டத்தில் தொடங்கும் கோயில்கள் சிலவே. பல கோயில்களில் பஞ்சவடியில்தான் கதை தொடங்குகிறது, முடிசூட்டில் முடிகிறது. அரண்மனை ஓவியம் அயோத்தியிலிருந்து காட்டிற்குப் போகிறது. கூத்தோ காட்டிலேயே கண் விழிக்கிறது. இழந்த வீடு திரையில் காட்டப்படுவதில்லை. பேச்சில் மட்டும் உள்ளது. முதலில் காணப்பெறுவது அயல்நிலத்தில் அமையும் இலைக்குடிலே.

அதனை அடுத்து நிகழ்வது சம்புகுமாரன் வதை. இது கம்பனில் இல்லை, வான்மீகியிலும் இல்லை. விமலசூரியின் பிராகிருதப் பௌமசரியத்தில் இதன் சமண வடிவம் உண்டு. தவத்திலிருந்த சூர்ப்பணகையின் மகனை இலக்குவன் அறியாது வெட்டி வீழ்த்துகிறான். ஆகவே கூத்தில் சூர்ப்பணகை இராமனிடம் வருமுன்னரே மகனை இழந்த தாயாகிவிடுகிறாள். காமத்தால் வந்த அரக்கி என்னும் ஒற்றை விளக்கம் இங்கு நிற்காது. வந்தேறியவன் தன் குடியிருப்பைச் செப்பம் செய்கையில், முன்பிருந்தே அங்கு வாழ்ந்தவளின் மகன் மடிகிறான். வீடு பற்றிய நாடகத்திற்கு இதனினும் கூரிய தொடக்கம் வேண்டுமோ? குறுநிகழ்ச்சிகள் முதலில் கைவிடும் பகுதிகளுள் இதுவும் ஒன்றாதல் வருந்தத்தக்கது. சீதை கவரப்படுதல், அனுமன் தூது, போர் என்னும் மூன்றே போதும் என அமைப்பாளர் கருதுகின்றனர் போலும்.

மொழிபெயர்ப்பாளரைப் பொறுத்தவரை இடர் வேறோரிடத்தில் உள்ளது. வீடு என்பதற்கு மலையாளத்தில் என்ன சொல் இடுவது? வீடு என்றே இடலாம் எனத் தோன்றும். 1887இல் வெளிவந்த மலபார் மானுவலில் வில்லியம் லோகன் தரும் செய்தி இத்தோற்றத்தைக் கலைத்துவிடுகிறது. குடியிருப்பின் பெயர் குடியிருப்பவரின் சாதியால் அமையும் என்கிறார் அவர். பறையர்க்குச் சேரி, செறுமர்க்குச் சாள, கைவினைஞர்க்கும் தீயர்க்கும் புர அல்லது குடி, கோயில் ஊழியர்க்கு வாரியம், பிஷாரம், நாயர்க்கு வீடு, அவருள் அதிகாரம் உடையவர்க்கு இடம், அரசர்க்குக் கோவிலகம் அல்லது கொட்டாரம், நம்பூதிரிக்கு இல்லம், அவருள் உயர்ந்தோர்க்கு மன. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணராகிய பட்டர்களின் வீடு மடம் எனப்படும். இச்சொற்களுள் பல தமிழர்க்கும் உரியவை என்பதை எளிதில் காணலாம். இல், மனை, குடி, சேரி, மாடம் அனைத்தும் நம் பழைய நூல்களிலும் உள்ளன. அங்கு இல்லும் மனையும் யாவர்க்கும் பொது. இங்கு ஒரு சாதியாரின் வேலிக்குள் அடைபட்டுவிட்டன. வீடு என்னும் சொல்லோ பழந்தமிழ் நூல்வழக்கில் பெரும்பாலும் விடுபேற்றைக் குறித்தது. பின்னரே வாழும் மனையைக் குறிக்கலாயிற்று.

ஆகவே பாட்டில் வரும் மனை என்பதை இக்கால மலையாளத்தில் அவ்வாறே எழுதினால் இராமன் நம்பூதிரியாகிவிடுவான்; வீடு என்றால் நாயராவான்; கொட்டாரம் என்றால் காட்டுக் குடிலையும் அரண்மனையையும் ஒரே சொல்லால் சுட்டும் பழைய பொதுமை அழியும். கூத்தர் இதனைத் தீர்க்கும் வழி எளியது. பாட்டுச் சொல்லை மாற்றுவதில்லை. அப்படியே பாடி, உரையில் அதற்குப் பொருள் விரிக்கின்றனர். எவர் வீட்டையும் தன்னுள் அடக்கவல்ல அயற்சொல்லாகப் பாட்டுச் சொல் எஞ்சுகிறது. இது மொழிபெயர்ப்பில் தோல்வி அன்று. மொழிபெயர்க்காமையால் பெறும் பயன்.

மட்டாஞ்சேரிக்கு மீள்வோம். அரண்மனைக்கு அருகிலேயே, 1568இல் எழுந்த யூதத் தொழுகைக்கூடம் உள்ளது. அதனைக் கட்டிய யூதர் பரதேசிகள் எனப்பெற்றனர், கூடத்திற்கும் அப்பெயரே. தமிழில் இன்று அச்சொல் வசைச்சொல். வீடற்று அலைபவன் என்னும் இழிபொருளே முந்தி நிற்கிறது. கொச்சியிலோ அது அயல்நாட்டிலிருந்து வந்தவர் என்னும் அடையாளம். செல்வமும் அரசமதிப்பும் உடையோர்க்கு வழங்கிய பெயர். தமிழ்நாட்டுப் பிராமணரையும் பரதேசிப் பிராமணர் என்று அந்நாட்டார் குறித்தனர். நாலு நூற்றாண்டு வாழ்ந்த பின்னரும் பரதேசிகளாகவே அறியப்பெற்ற யூதருள் மிகப் பெரும்பாலோர், 1948இல் இசுரேல் உருவானபின் அங்குக் குடிபெயர்ந்தனர். பெயர்ப்பலகை எஞ்சிற்று. தோற்பாவைக்கூத்தின் தொடக்கத்தில் பகவதியைப் போற்ற வரும் பாவைகள் பட்டர்களே என்பதை இதனோடு இணைத்து நோக்கலாம். கூத்தில் முதலில் வாய்திறப்பவர் பரதேசிகள்.

போர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் வாழ்கின்றன. டச்சுக்காரர் தம் படையினரின் உடை வெளுக்க இவர்தம் முன்னோரை அழைத்துவந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. இன்றுள்ள சலவைக்கூடம் 1976இல் கட்டப்பெற்றது. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் இத்தகையோர் முன் பாவைகள் எம்மொழியில் பேசுதல் வேண்டும் என்பதே, மேலே குறித்த வினாவின் நடைமுறை வடிவம்.

இப்போதைய குறுநிகழ்ச்சிகளின் விடை இது: பாட்டைக் குறை, உரையை நீக்கு, மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கதைச்சுருக்கம் சொல், பாவைகளை விரைந்து அசை. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லார்க்கும் விளங்கும். ஆனால் கதைச்சுருக்கத்தில் கேட்போருக்கு இடமில்லை. உரையில் இடமிருந்தது. கூத்துக்குப் பொருள் தந்த குடும்பங்களைப் புலவர் மாடத்திலிருந்து வாழ்த்துவது மரபு. நோய் தீர, மணம் கூட, மகப்பேறு வாய்க்க எனக் காணிக்கை அளித்தவர் வேண்டுதலும் அவ்வாழ்த்தில் இடம்பெறும். கேரளத்தில் ஒருவரை அறிவிப்பது வீட்டுப் பெயர் ஆதலின், கம்பனின் காப்பிய இரவுக்குள் அவ்வூரின் வீடுகள் நுழையும் வாயில் அதுவே. சுற்றுலா அரங்கில் வாழ்த்தப்பெறுவதற்கு எவர் வீடும் இல்லை.

மரபு மாறலாகாது என்பது என் வாதமன்று. சங்கீத நாடக அகாதெமி விருது பெற்ற கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் கோயிலுக்கு வெளியே கூத்தைக் கொணர்ந்தார். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் காந்தியடிகளின் வாழ்க்கையைப் பாவைகளில் நிகழ்த்தினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். பாவை செய்வதில் துணைநின்றும் கூத்துமாடத்தில் ஏற இடம் பெறாதிருந்த பெண்கள், அவர் மகள் ரஜிதாவின் முயற்சியால் 2021இல் தனிக்குழுவாகத் திரைக்குப் பின் நின்றனர். வீடு என்னும் பொருளுக்கு இம்மூன்றனுள் கடைசியே மிக நெருக்கமானது. ஏனெனில் பாவை வீட்டில் செய்யப்பெற்றது. மாடம் ஆடவர்க்கு உரியதாயிருந்தது. புதுக்கதை புகுத்தியமை குற்றமன்று. புதுக்கதைக்குப் பழைய உரைமுறையைத் தாராது, பதிவுசெய்த ஒலிநாடாவைத் தருவதே குற்றம். ஒலிநாடா வினவாது, வினவினும் விடைகேட்கக் காத்திராது.

போர்ட் கொச்சியில் பாவை நிகழ்ச்சி அமைக்க விழைவோர்க்கு மொழியியலார் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. இருபது பாடல்கள் போதும்; பஞ்சவடிப் பகுதியிலிருந்து எடுக்கலாம். பாடல்களைத் தமிழிலேயே விடுக. உரையை அவ்வூரார் கூறுக: வெளியின் தமிழர் தம் தமிழில், கொங்கணியர் தம் கொங்கணியில், கச்சியர் தம் மொழியில், மலையாளிகள் மலையாளத்தில். குடில் என்னும் சொல் வருமிடத்து அவரவர் தம் குடியிருப்பை எச்சொல்லால் அழைக்கின்றனர், முன்னோர் எச்சொல்லால் அழைத்தனர், பிறர் அதனை எச்சொல்லால் அழைக்கின்றனர் என்னும் மூன்றையும் புலவர் வினவுக. மூன்றாம் வினாவிற்கு வரும் விடைகள் இன்முகத்தோடு தரப்பெறா. அவற்றையும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். லோகனின் பட்டியலை அவ்விடைகளோடு ஒப்பிட்டால் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் எச்சொற்கள் வேலி தாண்டின, எவை தாண்டவில்லை என்பது தெரியவரும். வாழ்த்தில் கூறுவதற்குரிய வீட்டுப் பெயர்களும் அப்போதே கிடைத்துவிடும்.