திரைப்பாட்டும் அதன் பெயர்களும்: வானொலி முதல் ஸ்ட்ரீமிங் வரை

திரையிசையில் தொழில்நுட்பம் கொண்டுவந்த மாற்றங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒலித்தரத்தையே பேசுகின்றனர். ஒரே மைக்கில் பதிவான பாட்டு, ஸ்டீரியோ பாட்டு, கணினியில் அடுக்கிய பாட்டு என்று அந்த வரிசை போகும். குறைவாகப் பேசப்படும் மாற்றம் வேறொன்று. ஒரு பாட்டை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வாசித்தவர் யார் என்பது கேட்பவருக்கு எப்படித் தெரிகிறது என்பதே அது. வானொலி இந்தப் பெயர்களை உரக்கச் சொன்னது. டிஜிட்டல் வடிவம் பாட்டை மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது; பெயர்களை வழியில் உதிர்த்துவிட்டது. இதில் புகழ் மட்டும் சம்பந்தப்படவில்லை. பெயர் எங்கே பதிவாகிறதோ அங்கேதான் பிற்காலத்தில் பணமும் வந்து சேரும்.

இசைத்தட்டில் இல்லாத பெயர்

பின்னணிப் பாடல் முறையின் தொடக்க ஆண்டுகளில் பாடியவரின் பெயரை இசைத்தட்டில் அச்சிடுவது உறுதியான வழக்கமாக இருக்கவில்லை. 1949இல் வெளிவந்த ‘மகல்’ என்ற இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிப் புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில், பாடியவர் பெயர் ‘காமினி’ என்று இருந்தது. காமினி என்பது அப்படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரம். வானொலியில் பாட்டைக் கேட்ட மக்கள், பாடியவர் யார் என்று கேட்டுக் கடிதம் எழுதினர். நிலையத்தார் இசைத்தட்டு நிறுவனத்திடம் விசாரித்து லதாவின் பெயரை ஒலிபரப்பினர். ஒரு பாடகிக்குச் சொந்தப் பெயரை வாங்கித் தந்தது வானொலியும் அதற்குக் கடிதம் எழுதிய நேயரும்தான்.

1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். திரைப்பாடல் மக்களின் இசைச் சுவையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கான நேரம் சுருங்கியது என்பது பலரும் அறிந்த செய்தி. அந்தத் தகராறிலும் பெயர் ஒரு காரணமாக இருந்தது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் ஆகிவிடும் என்று கருதி, பாடகர் பெயரை மட்டும் அறிவிக்க வானொலி முடிவு செய்தது. சினந்த தயாரிப்பாளர்கள் பாடல்களை ஒலிபரப்பும் உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். இரு தரப்பும் வீம்புக்கு நின்றதில் நேயர்தான் பாட்டை இழந்தார்.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது கடல் கடந்து வந்த அலை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைகளுக்காக இலங்கையில் அமைக்கப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை அரசிடம் வந்தது. அதன் வழியாகத் தமிழ்ப் பாட்டும் இந்திப் பாட்டும் இந்தியா முழுவதும் கேட்டன. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்களான எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோர் தமிழ்நாட்டு வீடுகளில் நடிகர்களைப் போலவே அறியப்பட்டனர். பாட்டுக்கு முன்போ பின்போ படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் என்று சொல்வதை அவர்கள் ஒரு மரபாகவே வளர்த்தனர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் இந்திய வானொலி விவித் பாரதியைத் தொடங்கிய பிறகு, அங்கும் அந்த வழக்கம் ஊன்றியது.

இதன் பயன் சிறியதன்று. ஒரு பாட்டு கண்ணதாசனுடையதா வாலியுடையதா என்று டீக்கடையில் வழக்காடத் தெரிந்த தலைமுறை, பள்ளிக்கூடத்தில் அதைக் கற்கவில்லை. வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமம் வாங்கிய வீடுகளிலும், அது இல்லாதவர் கூடிய முடிதிருத்தகங்களிலும் கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்த அறிவு அது. நேயர் விருப்பத்தில் பாட்டின் பெயர்களோடு சிற்றூர்க்காரர்களின் பெயர்களும் ஊர்களும் ஒலித்தன. அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் கேட்பவருக்கும் பெயர் இருந்த ஊடகம் அதற்குப் பின் வந்ததா என்பது ஐயமே.

வானொலிக் காலத்தைப் பொற்காலம் என்று பாராட்டுவோர் ஒன்றை மறைத்துவிடுகின்றனர். பெயர் ஒலித்தது, பணம் அந்தப் பெயருக்குப் போகவில்லை. 1977இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, படத்துக்காக அமைத்த இசைக்கும் எழுதிய பாட்டுக்கும் தயாரிப்பாளரே உரிமையாளர். அந்த அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடுவோருக்குச் சட்டத்தில் உரிமையே இல்லாததைச் சுட்டிக்காட்டித் தம் தீர்ப்பில் தனிக் குறிப்பு எழுதினார். பாடுவோர், வாசிப்போரின் உரிமை சட்டத்தில் இடம்பெற 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நூற்று இருபத்தெட்டு பைட்டு

ஒலிநாடாக் காலத்தில் உறையில் பெயர்கள் அச்சாயின. வெற்று நாடாவில் 60 அல்லது 90 நிமிடத்துக்குப் பாட்டுப் பதிந்து தந்த கடைகளில் அவையும் போயின. வாடிக்கையாளர் துண்டுத்தாளில் எழுதித் தந்த முதல் வரிகளே மிஞ்சின. குறுந்தகடு ஒரு நல்ல இடைவேளை. 1992இல் ‘ரோஜா’ மூலம் அறிமுகமான ஏ.ஆர். ரகுமான், கணினியும் சின்தசைசரும் கொண்டு தம் வீட்டுக் கூடத்திலேயே பாட்டை அடுக்கடுக்காகப் பதிவு செய்தார். பெரிய கூடத்தில் ஐம்பது பேர் ஒன்றாக அமர்ந்து வாசிக்கும் முறை அதன்பின் மெல்லத் தேய்ந்தது. கோடம்பாக்கத்து வயலின்காரர்கள் பலருக்கு அது வயிற்றுப்பாட்டுச் சிக்கலாயிற்று. ஆயினும் அவருடைய தொகுப்புகளின் உறைத்தாளில் புல்லாங்குழல் நவீன்குமார் போன்ற வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாயின. முன்பு நூற்றுக்கணக்கான பாட்டுகளில் வாசித்தும் பெயரற்று இருந்தவர்களை நினைத்தால் இது சிறிய செயல் அல்ல.

அந்த உறைத்தாளை ஒழித்தது எம்பி3. பாட்டுக் கோப்போடு தகவலைச் சேர்த்து வைக்க 1996இல் ஐடி3 என்ற முறை உருவானது. அதன் முதல் வடிவம் கோப்பின் கடைசியில் 128 பைட்டுகளை ஒதுக்கியது. தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, மிச்சம் அடையாளத்துக்கும் இசை வகைக்கும். இசையமைப்பாளருக்குத் தனிக் கட்டம் கிடையாது, பாடலாசிரியருக்கும் கிடையாது. மேற்கத்திய பாப் இசையில் பாடுபவரே பாட்டின் முகம் என்பதால் ஒரு கட்டம் போதும் என்று தோன்றியிருக்கலாம். நான்கு பேரால் உருவாகும் திரைப்பாட்டு அந்தச் சட்டைக்குள் நுழையவில்லை. அடுத்த வடிவத்தில் இந்தக் கட்டங்கள் வந்தன. அதற்குள் பாட்டுகள் திருட்டு இணையதளங்கள் வழியே பரவிவிட்டன. கலைஞர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் தளத்தின் முகவரி குடியேறியிருந்தது.

2001இல் பெங்களூரில் தொடங்கிய தனியார் எஃப்எம் இந்த இழப்பை ஈடுசெய்திருக்கலாம். செய்யவில்லை. அங்கே பேச்சுக்குக் குறைவில்லை. பாட்டை எழுதியவர் பெயர் மட்டும் அதில் அபூர்வம்.

சட்டம் வந்தபோது

2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கான உரிமத்தொகையில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்று அத்திருத்தம் கூறியது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் இதற்காக உழைத்தவர். பெயரை ஊரெங்கும் சொன்ன காலத்தில் சட்டம் துணை நிற்கவில்லை. சட்டம் துணைக்கு வந்தபோது பெயர் கோப்பிலிருந்து உதிர்ந்திருந்தது. கோடிக்கணக்கான முறை ஓடும் பாட்டுகளில் எது யாருடையது என்று கணினி பொருத்திப் பார்த்தால்தான் பங்கு பிரியும். பாடலாசிரியர் கட்டம் காலியாகவோ பிழையாகவோ இருந்தால் அந்தப் பங்கு உரியவரைத் தேடிக்கொண்டே இருக்கும். ஸ்பாட்டிஃபை பாடலாசிரியர், தயாரிப்பாளர் பெயர்களைக் காட்டத் தொடங்கியது 2018இல்தான். அதுவும் தொட்டுத் திறந்து பார்ப்பவருக்கே தெரியும். அறிவிப்பாளரின் குரல் கேட்க விரும்பாதவர் காதிலும் விழுந்தது; வேறுபாடு அங்கே இருக்கிறது.

டிஜிட்டல் திறந்த கதவையும் சொல்லியாக வேண்டும். வடசென்னைக் கானாப் பாடகருக்கு வானொலி நிலையத்துக் குரல்தேர்வில் இடமிருந்ததில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை யூடியூப் இல்லாமல் உலகத் தமிழர் அறிந்திருக்க முடியாது. அக்குழுவிலிருந்து வந்த அறிவு எழுதி, தீயுடன் பாடி, சந்தோஷ் நாராயணன் இசைக்கூட்டில் 2021இல் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ எந்தப் படத்தையும் சாராமல் கண்டம் தாண்டியது. அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு இல்லாதது பெரும் விவாதமாயிற்று. 2024இல் அப்பாட்டுக்குத் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகக் கூறினார். வாயிற்காவலர் போய்விட்டார் என்று மகிழ்ந்தவர்கள், கணக்கப்பிள்ளை இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்பதைக் கவனிக்கவில்லை.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் வந்த ‘லால் சலாம்’ படப் பாட்டொன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ரகுமான் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும் உரிய தொகை தந்ததாகவும் அவர் அறிவித்தார். இத்தகைய குரல்மாற்று முறையில் வழக்கமாக முதலில் வேறொருவர் பாடித் தருவார். அவர் பாட்டின்மேல் மற்றவர் குரல் ஏற்றப்படும். அனுமதி வாங்க வேண்டிய குடும்பம் எது என்பதில் இப்போது தெளிவு இருக்கிறது. முதலில் பாடித் தந்தவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பது இனித்தான் முடிவாக வேண்டும்.