வழிநூலின் வழிநூல்: பிலிப்பைன்ஸ் ‘சாரா’ திரைப்படமும் மரியாதை இலக்கணமும்

1. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1995இல் வெளிவந்த ‘சாரா... அங் முந்திங் பிரின்செசா’ என்னும் தகலாகு மொழித் திரைப்படம், பிரான்செஸ் ஆட்சன் பர்னெட் 1905இல் வெளியிட்ட ‘எ லிட்டில் பிரின்செஸ்’ என்னும் சிறுவர் புதினத்தின் திரையாக்கமாகக் கருதப்படுகிறது. ரோமி சுசாரா இயக்கிய இப்படத்தில் காமில் பிராட்ஸ் சாராவாகவும், ஆஞ்செலிகா பங்கனிபான் பணிப்பெண் பெக்கியாகவும், ஜீன் கார்சியா பள்ளித் தலைவி மின்ச்சினாகவும் நடித்தனர். இத்தகைய படங்களை மூலப் புதினத்தோடு நேரே ஒப்பிட்டு, விட்டவற்றையும் சேர்த்தவற்றையும் பட்டியலிடுவது திறனாய்வின் வழக்கம். அம்முறை இப்படத்திற்குப் பொருந்தாது என்பதும், இதன் இழப்பும் பேறும் கதையமைப்பைவிட மொழியமைப்பிலேயே மிகுதியாக உள்ளன என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

2. மூலம் எது?

சுவடிப் பதிப்பில் ஒரு படியின் வழியை அறிய, பல படிகளில் பொதுவாகக் காணும் திரிபைச் சான்றாகக் கொள்வர். இங்கும் அத்தகைய சான்று உண்டு. புதினத்தில் சிறுமியின் பெயர் நான்கு உரோமன் எழுத்துகளால் ஆனது; படத்தின் தலைப்பில் இறுதியில் ‘எச்’ சேர்ந்து ஐந்தாகிறது. நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1985இல் 46 பகுதிகளாகத் தயாரித்த ஜப்பானிய இயங்குபடத் தொடரின் ஆங்கிலப் பெயரிலும் இதே ‘எச்’ காணப்படுகிறது. அல்போன்சோ குவாரோன் அதே 1995இல் அமெரிக்காவில் எடுத்த படம் கதையை நியூயார்க்கிற்கு மாற்றிய போதிலும் பெயரில் ‘எச்’ சேர்க்கவில்லை.

சுசாரா 1996இல் எடுத்த ‘சீடி’ படமும் இதை உறுதி செய்கிறது. ‘லிட்டில் லார்ட் பாண்ட்லிராய்’ புதினத்தில் சிறுவனின் செல்லப் பெயரில் இரட்டித்து வரும் ‘டி’ எழுத்து, 1988ஆம் ஆண்டு ஜப்பானியத் தொடரின் ஆங்கிலப் பெயரிலும் பிலிப்பைன்ஸ் படத்திலும் ஒற்றையாக நிற்கிறது. சாரா என்னும் ஒரே வடிவம் இருவகை எழுத்துக்கூட்டலுக்கும் பொருந்துவதால், தமிழில் எழுதும்போது முதற்சான்று மறைந்துவிடும் என்பதையும் மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டும்.

எனவே வழி இதுவாகும்: ஆங்கிலப் புதினம், ஜப்பானியத் தொடர், தொலைக்காட்சிக்காகச் செய்யப்பட்ட தகலாகுக் குரலாக்கம், அதன்பின் திரைப்படம். மொழிபெயர்ப்பை வழிநூலின் வகையாகத் தொல்காப்பியம் கொள்கிறது. அவ்வகையில் இப்படம் வழிநூலின் வழிநூல்.

3. தலைப்பு

‘சிறிய’ என்பதற்குத் தகலாகின் அன்றாடச் சொல் ‘மலியித்’. தலைப்பில் உள்ள ‘முந்தி’ இலக்கிய வழக்கும் கனிவும் உடையது. ‘பிரின்செசா’ ஸ்பானியக் கடன்சொல். ஆங்கிலத் தலைப்பிலுள்ள சுட்டிலா உருபு, ‘யாரோ ஒரு சிறுமி’ என்னும் பொதுமைக்கு இடம் தருகிறது. ‘அங்’ என்னும் உருபு குறிப்பிட்ட ஒருத்தியைச் சுட்டுகிறது. இயற்பெயரும் முன்னே சேர்வதால், எச்சிறுமிக்கும் உரியதாகத்தக்க ஒரு நிலை ஒருத்தியின் பட்டப்பெயராகச் சுருங்குகிறது. ‘சீடி’ படத்தலைப்பு ‘பிரபு’ என்பதை ‘இளவரசன்’ ஆக்கி இதற்கு இணையாக அமைந்தது.

4. மரியாதை இலக்கணம்

4.1. ஆங்கில முன்னிலைப் பெயர் ஒன்றே. ஆதலின் செல்வச் சிறுமி பணிப்பெண்ணாகத் தாழ்வதை, பர்னெட் விளிச்சொற்களாலும் ஆசிரியர் கூற்றாலும் பெக்கியின் இலண்டன் கொச்சையாலும் காட்டுகிறார். தகலாகிலோ தமிழின் நீ, நீங்கள் போல ‘கா’, ‘கயோ’ என்னும் வேறுபாடு உண்டு. மேலும் ‘போ’, ‘ஹோ’ என்னும் மரியாதை இடைச்சொற்களும் உள்ளன. தமிழில் வினைமுற்று விகுதியும் மரியாதையைக் காட்டும். தகலாகு வினை இடம் காட்டாது. ஆகவே பெயரும் இடைச்சொல்லும் அச்சுமையை ஏற்கின்றன.

4.2. இங்கு இரண்டு அளவுகோல்கள் எதிர்ப்படுகின்றன: வயது, வர்க்கம். பெரியவரிடம் சிறுவர் ‘போ’ சேர்த்துப் பேசுவது வயதால் வருவது. செல்வம் போனாலும் அது மாறாது. ஒத்த வயதுடைய பணிப்பெண் எசமானியிடம் ‘போ’ சொன்னால் அது வர்க்கத்தால் வருவது. செல்வம் போனதும் அதன் அடிப்படை நீங்கிவிடும். பெக்கியின் கொச்சைக்கு நேரான வட்டார வழக்கைத் தேடுவதைவிட, அவள் வாயில் ‘போ’ எங்கே நிற்கிறது, எங்கே நீங்குகிறது என்று தீர்மானிப்பதே மொழிபெயர்ப்பாளருக்குக் கூடுதல் பயன் தரும். இது பேறு.

4.3. இழப்பும் இங்கேயே உள்ளது. புதினத்தில் சாராவின் பணிவு அவளே தேர்ந்துகொண்ட ஒழுக்கம். அடிபட்ட நிலையிலும் குன்றாத அவளுடைய அமைதி மின்ச்சினைக் கலங்கச் செய்கிறது. அப்பணிவு ஓர் எதிர்ப்பு. தகலாகில் ‘போ’ எல்லாச் சிறுவரிடமும் எதிர்பார்க்கப்படுவது. தேர்வின்றி வருவதற்குத் தனிப்பொருள் இல்லை. ஆகவே இளவரசியின் தன்னடக்கம் நல்ல பிள்ளையின் கீழ்ப்படிதலாகக் கேட்கும். சாராவை மேலும் பொறுமைசாலியாக்கிய ஜப்பானியத் தொடரும் இதே திசையில் தள்ளியது. படத்தின் கண்ணீர் மிகுதியை இயக்குநரின் சுவைக்குறை என்று மட்டும் தள்ளிவிட இயலாது. இலக்கணம் விட்ட இடத்தைக் கண்ணீர் நிரப்பியது எனலாம்.

5. பன்மொழிச் சூழல்

புதினத்தில் மொழியறிவே கதையை நகர்த்துகிறது. சாராவுக்குப் பிரெஞ்சு தெரியாதென்று எண்ணிய மின்ச்சின், அவள் ஆசிரியரிடம் அம்மொழியில் பேசக் கேட்டு நாணுகிறாள். அடுத்த வீட்டு இந்தியப் பணியாளர் ராம் தாசிடம், இந்தியாவில் வளர்ந்த சாரா இந்துஸ்தானியில் பேசும்போது மாடியறையின் தனிமை உடைகிறது. எல்லாருக்கும் ஒரே மொழியைத் தரும் எந்த ஆக்கமும் இவ்வேறுபாடுகளை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டும். மரியாதை வேறுபாடு வர்க்கத்தைக் காட்டும், அயன்மையைக் காட்டாது.

6. முடிவு

மின்ச்சினின் பெயர் இன்று பிலிப்பைன்ஸில் கொடுமைக்கார எசமானியைக் குறிக்கும் வழக்குச் சொல்லாகிவிட்டது. வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்ற பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் புளோர் கான்டெம்பிளாசியோன், சிங்கப்பூரில் 1995 மார்ச் 17 அன்று தூக்கிலிடப்பட்டார், அந்நாடே கொதித்தெழுந்தது. அந்நிகழ்ச்சியைப் படத்தின் நோக்கமாகக் கூறச் சான்றில்லை. எனினும் அயல்வீட்டில் உழைப்போரின் நிலை பேசப்பட்ட ஆண்டில், பணிப்பெண்ணாக்கப்பட்ட சிறுமியின் கதையை அம்மக்கள் தம் மொழியில் கேட்டனர். சொத்து மீண்டதும் சாராவின் துயர் தீர்கிறது. அவளிடம் ‘போ’ சொல்லும் நிலையில் பிறந்த பெக்கிக்கோ தீர்வு அவளது அன்பினால் மட்டுமே வருகிறது. புதினத்தின் இக்குறையை ஆங்கிலத்தைவிடத் தகலாகு தெளிவாகக் காட்டவல்லது. மொழிபெயர்ப்பை மதிப்பிடுவோர் அது எதை இழந்தது என்பதோடு, மூலம் மறைத்த எதை அது வெளிப்படுத்தியது என்றும் கேட்க வேண்டும்.