உதவியா, உழைப்பா? குழந்தைகள் பாதுகாப்புக் கலைச்சொற்களும் ஆரணிப் பட்டு நெசவுச் சூழலும்

ஆய்வுச்சுருக்கம்

குழந்தைகள் பாதுகாப்பு குறித்த சட்டங்களும் நலத்திட்டங்களும் தமிழில் வழங்கும்போது அவற்றின் கலைச்சொற்கள் பேச்சு வழக்கிலுள்ள பொருளோடு மோதுகின்றன. இம்மோதல் ஒரு குழந்தைக்குப் பாதுகாப்புக் கிடைப்பதையும் கிடைக்காமற் போவதையும் தீர்மானிக்கவல்லது. குழந்தை, இளைஞர், உதவி, குடும்பம், முன்பணம், மீட்பு, கூர்நோக்கு, காப்பகம் ஆகிய சொற்களை ஆரணியின் வீட்டுத்தறிச் சூழலில் வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல், குழந்தைகள் பாதுகாப்பு, ஆரணி, கைத்தறி நெசவு, இளைஞர் நீதி, உதவி

முன்னுரை

குழந்தைகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றுவதில் தமிழகத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டம் 1920-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேலாகியும் இத்துறையின் தமிழ்ச்சொற்கள் ஆங்கில மூலத்தின் நிழலிலேயே நிற்கின்றன. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகளின் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், குழந்தை தொடர்பான நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் தொனியுடைய சொற்களைப் பயன்படுத்தலாகாது என்பதை அடிப்படை நெறிகளுள் ஒன்றாக மூன்றாம் பிரிவில் வகுத்துள்ளது. சொல்லாட்சியையே சட்டநெறியாக்கிய ஒரு சட்டத்தின் தமிழ்ச்சொற்களைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது தமிழாய்வின் கடமையாகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த ஆரணி, கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த பட்டு நெசவு நகரம். வீடும் தொழிற்கூடமும் ஒரே கூரையின்கீழ் அமைவது இத்தகைய நெசவூர்களின் இயல்பு. ‘வேலை’, ‘உதவி’, ‘குடும்பம்’ என்னும் சொற்களின் எல்லை இங்குத்தான் மிகவும் மங்கலாகிறது. அதனால் இச்சூழல் ஆய்வுக்களமாகக் கொள்ளப்பட்டுள்ளது.

வயதுப் பெயர்களின் குழப்பம்

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகைப்படுத்தி, அவற்றுள் குழவி, மகவு என்னும் இரண்டை மக்களுக்கு உரியனவாக வரையறுக்கிறது. பேதை, பெதும்பை, மங்கை எனப் பருவங்களைப் பிரித்துப் பெயரிட்ட பாட்டியல் மரபும் உண்டு. வயதுக்கேற்பச் சொல்லை நுட்பமாக ஆளும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று.

இன்றைய சட்டத்தமிழிலோ பதினைந்து வயதுள்ள ஒருவருக்கு மூன்று பெயர்கள் அமைகின்றன. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உள்ளே அவர் ‘குழந்தை’. அச்சட்டத்தின் தலைப்பில் ‘இளைஞர்’. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் அவர் ‘வளரிளம் பருவத்தினர்’. ஏனெனில் அச்சட்டம் பதினான்கு வயது நிறைவடையாதவரையே பொதுவில் குழந்தை எனக் கொள்கிறது. இவற்றுள் ‘இளைஞர்’ என்பதே பெரிதும் இடர்தருவது. 2014-ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 முதல் 29 வயதுவரை உள்ளோரை இளைஞர் என்கிறது. ‘இளைஞர் நீதிக் குழுமம்’ என்ற பெயரைக் கேட்கும் பெற்றோர், அது பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு உரிய அமைப்பு என்று உணர வழியில்லை. இதழ்களில் ஏற்கெனவே வழங்கிவரும் ‘சிறார் நீதி’ என்னும் தொடர் இவ்விடத்துப் பொருத்தமானது.

‘உதவி’ என்னும் சொல்லின் எல்லை

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி அச்சிடுதல், சாயமிடுதல், நெசவு ஆகியவற்றைத் தடைசெய்யப்பட்ட செயல்முறைகளின் அட்டவணையில் சேர்த்தது. ஆயினும், ஒருவர் தம் குடும்பத்தினரின் துணையோடு நடத்தும் தொழிற்கூடத்திற்குத் தடை பொருந்தாது என்று விலக்களித்தது. வீட்டுத்தறி அவ்விலக்கினுள் அடங்கிற்று. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துவதைத் தடைசெய்தது. பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலும் அபாயமற்ற குடும்பத்தொழிலில் குழந்தை ‘உதவலாம்’ என்றும் இடமளித்தது.

இச்சொல்லின் பொருளை 2017-ஆம் ஆண்டு விதிகள் வெகுவாகக் குறுக்குகின்றன. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை குழந்தை எப்பணியும் செய்யலாகாது. ஒரு நாளில் மூன்று மணி நேரத்திற்கு மேற்படலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, குடும்பத்திற்கு வருவாய் ஈட்டும் உற்பத்தித் தொடரின் எந்தப் படிநிலையும் ‘உதவி’ ஆகாது. இவ்வரையறையின்படி ஊடைக்குத் தார் சுற்றுவதும் பாவு பிணைக்கையில் இழை எடுத்துக் கொடுப்பதும் உதவியின் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. புடவையின் கூலி அப்பணிகளையும் உள்ளடக்கியதே. பேச்சுவழக்கில் இவையே ‘கூடமாட ஒத்தாசை’ எனப்படுபவை. சட்டம் விலக்கும் செயலையே வழக்குத்தமிழ் ‘உதவி’ என்று பெயரிட்டு அழைக்கிறது.

இது வெறும் சொற்பொருள் வேறுபாடன்று. தொழிலாளர் சட்டங்களுக்கு மாறாக வேலை செய்யும் குழந்தை ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ ஆவார் என 2015-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஒரு செயல் உதவி எனப் பதிவானால் அக்குழந்தை குழந்தைகள் நலக் குழுவின் கவனத்திற்கே வருவதில்லை. வேலை எனப் பதிவானால் வருகிறது. குழந்தை எப்பக்கம் நிற்கிறது என்பது விசாரிப்பவர் தேர்ந்தெடுக்கும் வினைச்சொல்லைப் பொறுத்ததாகிவிடுகிறது.

கைத்திறன் தலைமுறை வழியாகக் கடத்தப்படுவதைக் காட்டி இவ்வரையறைக்கு மறுப்புக் கூறப்படுவதுண்டு. அது புறந்தள்ளத்தக்கதன்று. எனினும், ‘தொழில் பழகுதல்’ என்ற தனிச்சொல்லைத் தமிழ் வைத்திருக்கிறது. பழகும் குழந்தையின் பிழையைக் குடும்பம் பொறுத்துக்கொள்ளும். கெடுவுக்குள் புடவையை முடிக்க வேண்டிய நெருக்கடியில் அப்பொறுமைக்கு இடமில்லை. பழகுதலும் உழைப்பும் வேறுபடும் இடம் இதுவே.

குடும்பமும் முன்பணமும்

‘குடும்பத்தொழில்’ என்னும் தொடர் தொழிலின் உடைமை குடும்பத்திடம் இருப்பதாகப் பொருள் தருகிறது. கூலி நெசவில் தறி வீட்டில் இருப்பினும் பட்டும் சரிகையும் முதலாளியுடையவை. நெய்தவருக்கு உரியது கூலி மட்டுமே. கூரையை வைத்துக் குடும்பத்தொழில் என்பதா, பாவின் உடைமையை வைத்துக் கூலிவேலை என்பதா என்ற வினாவை இச்சொல் மறைத்துவிடுகிறது.

‘முன்பணம்’ என்பதும் இத்தகையதே. நெசவூர்களில் அது இயல்பான வணிகச்சொல். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்திலோ அது வரையறுக்கப்பட்ட கலைச்சொல். முன்பணத்திற்கு ஈடாகக் கடனாளி தானோ தன் குடும்பத்தினர் வழியாகவோ கட்டாய உழைப்பு அளிப்பதை அச்சட்டம் கொத்தடிமை முறைக்குள் அடக்குகிறது. ஆரணிக்கு அண்மையிலுள்ள காஞ்சிபுரத்தையும் களமாகக் கொண்டு ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் வெளியிட்ட அறிக்கை, பட்டுத் தொழிலில் குழந்தைகளின் உழைப்பு முன்பணத்தோடு பிணைந்திருந்ததைப் பதிவுசெய்தது. ‘கொத்தடிமை’ என்றதும் செங்கற்சூளையையும் அரிசி ஆலையையும் நினைக்கும் பொதுமனம், தறிக்குழியருகே அச்சொல்லைப் பொருத்திப் பார்ப்பதில்லை.

மீட்பு, கூர்நோக்கு, காப்பகம்

‘மீட்பு’ என்பது அடகு நகைக்கும் நிலத்திற்கும் வழங்கும் சொல். வீட்டுத்தறியில் உழைக்கும் குழந்தையை ‘மீட்டதாக’ எழுதும்போது பெற்றோர் கவர்ந்துவைத்தவர் நிலைக்குத் தள்ளப்படுகின்றனர். விசாரணைக் காலத்தில் சிறார் தங்கும் ‘கூர்நோக்கு இல்லம்’ என்பதில் கண்காணிப்பின் தொனி மிகுந்து, பராமரிப்பின் பொருள் குறைகிறது. ‘காப்பகம்’ புலிகளுக்கும் பொருந்தும் சொல்லாகிவிட்டது. ‘இல்லம்’ அதனினும் மேலானது.

இவற்றிற்கு மாறாகக் குறிப்பிடத்தக்கது ‘நிதி ஆதரவு’ என்னும் தொடர். மிஷன் வத்சல்யா திட்டத்தின்கீழ் மாதம் ரூ.4,000 வழங்கும் இவ்வேற்பாடு, கணவரை இழந்த தாய், நோயாலோ விபத்தாலோ முடங்கிய பெற்றோர் முதலியோரின் குழந்தைகள் குடும்பத்திலேயே வளர வழிசெய்கிறது. ‘உதவித்தொகை’ என்னாமல் ‘ஆதரவு’ என்றதால் இரத்தலின் சாயல் நீங்குகிறது. எனினும் திட்டத்தின் பெயர் ஒலிபெயர்ப்பாகவே நிற்பதால், தாய்மையன்பு என்னும் அதன் பொருள் பயனாளியை எட்டுவதில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, இளைஞர் நீதி என்பது ‘சிறார் நீதி’ எனத் திருத்தப்படல் வேண்டும். இரண்டு, சட்டம் அனுமதிக்கும் உதவியை ‘வருவாய் சாரா வீட்டுத்துணை’ என விரித்துரைத்து, தார் சுற்றுதல் போன்ற நெசவுப் பணிகளை அவற்றின் வழக்குப் பெயராலேயே குறித்து, அவை அதனுள் அடங்கா என விளக்கவுரைகளில் எழுதுதல் வேண்டும். மூன்று, ‘மீட்பு’ என்ற சொல் குழந்தை கடத்தப்பட்ட, பிணைவைக்கப்பட்ட நேர்வுகளுக்கு மட்டும் உரியதாக வரையறுக்கப்படல் வேண்டும். சொல் திருந்துவதால் மட்டும் கூலி உயர்ந்துவிடாது. ஆயினும் தார் சுற்றும் குழந்தையின் பணியை உழைப்பு என்று பதிவேடு ஒப்புக்கொண்ட பின்னரே, அக்குழந்தைக்கு உரிய ஆதரவைக் கோரும் வழி திறக்கிறது.