ஒரு வரிக் காவல்

லினக்ஸ் சர்வர்களில் காப்புநகல் எடுக்க எத்தனையோ மென்பொருள்கள் வந்துவிட்டன. இருந்தும் ஆர்ஸ்னாப்ஷாட்டின் அமைப்புக் கோப்பைத் திறந்து வாசிப்பதில் எனக்குத் தனி ருசி. வெறும் உரைக் கோப்புதான். ஆனால் பழைய தமிழ் வாத்தியாரைப் போல அப்படியொரு கண்டிப்பு. சொல்லுக்கும் மதிப்புக்கும் நடுவே டேப் மட்டுமே வரலாம், ஸ்பேஸ் கூடாது. அடைவின் பெயர் சாய்கோட்டில் முடிய வேண்டும்.

'ரீடெய்ன்' வரிகளில் ஆல்பா 6, பீட்டா 7 என்று எழுதினால் அந்தந்த அடுக்கில் அத்தனை தலைமுறை நகல்கள் நிற்கும். எப்போது எடுப்பது என்பது, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் பாடு. மாறாத கோப்புகளுக்கு ஹார்டு லிங்க் போட்டுவிடுவதால் ஒவ்வொரு நகலும் முழுசாகத் தெரியும். மாறியவை மட்டுமே புதிதாக இடம் பிடிக்கும்.

நான் மிகவும் ரசிப்பது 'நோ கிரியேட் ரூட்' என்ற வரியை. வெளி வட்டு மவுண்ட் ஆகாத நாளில், மென்பொருள் தானே ஓர் அடைவை உண்டாக்கி, சர்வரின் சொந்த வட்டில் நகல்களைக் கொட்டிவிடும். இந்த வரிக்கு 1 என்று கொடுத்தால் அடைவு இல்லையென்று கண்டதும் வேலையை நிறுத்திவிடும். ஒரு நிபந்தனை: நகல் அடைவு அந்த வட்டுக்குள்ளே இருக்க வேண்டும். மவுண்ட் புள்ளியையே கொடுத்தால் பலிக்காது, அது எப்போதும் இருக்குமே! இவ்வளவு நல்ல வரியை ஏனோ # போட்டு முடக்கியே தருகிறார்கள்.

எதை மாற்றினாலும் 'கான்ஃபிக்டெஸ்ட்' கட்டளையை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிரானிடம் ஒப்படையுங்கள்.